மகப்பேறு முதல் முதியோர் பராமரிப்பு வரை: ஊதியத்துடன் விடுப்பு யாருக்கு, எத்தனை நாள்?

புதுடெல்லி: வீட்டில் குழந்தை பிறந்தாலும், முதிய பெற்றோர் நோயுற்றாலும், பணிக்குச் செல்வோர் மனதில் முதலில் எழும் கேள்வி, ஊதியத்துடன் விடுப்பு கிடைக்குமா என்பதே. இந்தியாவில் இதற்கான விடை, ஒருவர் எங்கு பணிபுரிகிறார் என்பதைப் பொறுத்து மாறுபடுகிறது.

தாய்மார்களுக்கு 26 வாரங்கள்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுடன், 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள்கள் பணியாற்றியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு 12 வாரங்களும், கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரங்களும் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்கூட்டியும், எஞ்சிய தொகையைப் பிரசவச் சான்று அளித்த 48 மணி நேரத்துக்குள்ளும் வழங்க வேண்டும். விடுப்பில் உள்ள பெண்ணை அதன் காரணமாகப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம்.

ஊதியத்தை வழங்குவது யார்?

மாத ஊதியம் ரூ.21,000 வரை பெற்று, இ.எஸ்.ஐ. திட்டத்தில் காப்பீடு பெற்ற பெண்களுக்கு அந்தக் கழகமே தொகையை வழங்குகிறது. மற்றவர்களுக்கு முழுச் செலவும் வேலை அளிப்பவரைச் சார்ந்தது. இதனால் இளம்பெண்களைப் பணியமர்த்த நிறுவனங்கள் தயங்கக்கூடும் என்ற கவலை நீடிக்கிறது. இச்சுமை தனியொரு நிறுவனத்தின் மீது விழாமல், சமூகக் காப்பீடு அல்லது பொது நிதி மூலம் பகிரப்பட வேண்டும் என்பதே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நோக்கம். இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

அமைப்புசாராத் துறையில் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு ஊதிய விடுப்பு எட்டாத ஒன்றாகவே உள்ளது. தகுதியுள்ளோருக்குப் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு ரூ.5,000, இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ.6,000 வழங்கப்படுகிறது.

தந்தையருக்கு என்ன?

மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள்கள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தையர் விடுப்பைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் இல்லை. நிறுவனத்தின் விதிகளே முடிவு செய்கின்றன.

மத்திய அரசில் பணிபுரியும் பெண்களும், துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண்களும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு பெறலாம். முதல் 365 நாள்களுக்கு முழு ஊதியமும், அடுத்த 365 நாள்களுக்கு 80 சதவீத ஊதியமும் கிடைக்கும்.

முதியோரைக் கவனிக்க

பெற்றோரைப் பராமரிப்பதற்கெனத் தனி விடுப்பு மத்திய அரசு ஊழியர்களுக்கும் இல்லை. ஆண்டுக்கு 30 நாள்கள் ஈட்டிய விடுப்பு, 20 நாள்கள் அரைச் சம்பள விடுப்பு உள்ளிட்டவற்றை இதற்குப் பயன்படுத்தலாம் என 2025 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. தனியார் ஊழியர்கள் தங்கள் வழக்கமான விடுப்பையே நம்ப வேண்டியுள்ளது.

சுமை யார் மீது?

2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். ஆண்களில் இது 21.4 சதவீதம். இப்பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடங்களும், ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகின்றனர். தாய்க்கு 26 வாரங்களை உறுதி செய்த சட்டம், தந்தைக்கும் முதியோரைப் பேணுவோருக்கும் இன்னும் இடமளிக்காத வரை இந்த இடைவெளி குறைவது கடினம்.