கண்ணப்பரும் கிட்னி தானமும்

"உடம்புல குறை வெச்சுக்கிட்டு சாமி கும்பிடலாமா?" கிட்னி தானம்னாலே நம்ம வீடுகள்ல வர்ற கேள்வி இது. கண்ணையே கொடுத்த கண்ணப்ப நாயனாரைத்தானே நாம கும்பிடுறோம்!

சிங்கப்பூரில் 1970-ல் இறந்தவரின் சிறுநீரகத்தை முதன்முதலில் பொருத்தினார்கள். 1976-ல் உயிரோடு இருந்த உறவினரே கொடுத்தார். 1987-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. வீட்டு நெருக்குதலுக்குப் பயந்து கொடுத்தால்? அதற்கு 2004-ல் திருத்தம் வந்தது: மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். கொடுப்பவரின் செலவையும் இழந்த சம்பளத்தையும் ஈடுகட்ட 2009-ல் வழி பிறந்தது.

ஒவ்வொரு பயத்துக்கும் சட்டம் பதில் சொல்லிடுச்சு. மீதி நம்ம கையில்தான். யாரையும் கொடுன்னு நெருக்க வேண்டாம்; மனசார முன்வர்றவங்களைப் பயமுறுத்தவும் வேண்டாம். முருகா சரணம்!