இரட்டைப் பூட்டு: பழைய பிளாப்பிகளிலிருந்து தமிழ் உரைகளை மீட்டல்

1980களின் பிற்பகுதி முதல் நூற்றாண்டு முடியும் வரை, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ரயில் நிலையங்களை ஒட்டிய தெருக்களின் டி.டி.பி. கடைகளில் ஆய்வேடுகளும் சிற்றிதழ்களும் விழா மலர்களும் தட்டச்சாகி, பிளாப்பியில் ஏறி, அச்சகத்துக்குப் போயின. அச்சு முடிந்ததும் பிளாப்பியை யாரும் தேடவில்லை. இன்று தேடுவோர் திறக்க வேண்டிய பூட்டுகள் இரண்டு. ஒன்று காந்தப் பதிவு, மற்றொன்று எழுத்துரு. முதல் பூட்டுக்கு உலகெங்கும் சாவி செய்துவிட்டார்கள். இரண்டாவது பூட்டை நம் ஆவணக் காப்பகங்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் 8 அங்குல பிளாப்பியை வெளியிட்டது. 1976-இல் ஷுகார்ட் நிறுவனம் அதை ஐந்தேகால் அங்குலமாகச் சுருக்கியது. நம் ஊர்க் கணினிகளில் அதிகம் புழங்கிய 360 கிலோபைட் வட்டில் பக்கத்துக்கு 40 தடங்கள், தடத்துக்கு 9 பகுதிகள், பகுதிக்கு 512 பைட்டுகள். 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் 1.2 மெகாபைட் இயக்கி 80 தடங்களுக்கானது. அதன் தலை குறுகலானது. பழைய வட்டில் அது எழுதினால் தடத்தின் நடுவில் புதிய பதிவும் ஓரங்களில் பழைய பதிவின் மிச்சமும் நிற்கும். அகன்ற தலை கொண்ட 360 இயக்கி இரண்டையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். ஒரு வட்டைப் ‘பழுது’ என்று ஒதுக்குமுன், அதில் கடைசியாக எழுதிய இயக்கி எது என்று கேட்பது நல்லது.

அரிய கணினிகளின் வட்டுகள் இன்னும் கடினம். நடுவணரசு 1984-இல் ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அதே கணினி ‘எஸ்.சி.எல். யூனிகார்ன்’ என்ற பெயரில் இந்தியாவிலும் தயாரானது. அதன் தொடக்ககால வட்டு முறையில் தடத்துக்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்டுகள்; பதிவும் ஒற்றை அடர்த்தி. பிற்காலத்துத் தனிக்கணினிகளின் கட்டுப்பாட்டுச் சில்லுகள் பலவற்றுக்கு ஒற்றை அடர்த்தி புரியாது. ஆகவே வட்டு நல்ல நிலையில் இருந்தாலும் கணினி அதை வெற்று வட்டு என்றே சொல்லும்.

இந்தத் தடையை நீக்கியவை கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகைகள். பழைய இயக்கியை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, காந்தப்புலம் மாறும் ஒவ்வொரு கணத்தையும் அப்படியே பதிவு செய்கின்றன. எந்தக் கணினியின் வட்டு என்ற ஆராய்ச்சியைப் பிறகு மென்பொருளில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் கிடந்த வட்டை எடுத்தவுடன் இயக்கியில் செருகக் கூடாது. உறையின் நீள்துளை வழியே வட்டைக் கையால் சுற்றிப் பார்த்தால், பழுப்புப் பரப்பில் வெண்ணிறப் பொட்டுகள் தெரியலாம். அது பூஞ்சை. தலையில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் வட்டுகளையும் கீறும். உறையின் ஓரத்தை வெட்டி, வட்டை வெளியே எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்து, வேறு சுத்தமான உறையில் இட்ட பிறகே படிக்க வேண்டும். அவசரத்தில் முதல் சுற்றிலேயே அழிந்துபோகும் வட்டு திரும்பக் கிடைக்காது.

கோப்பு கைக்கு வந்த பின்தான் தமிழின் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழ் வடிவம் எழுத்துருவில் இருந்தது, கோப்பில் இல்லை. ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகளாக அது சேமிக்கும். ஒருங்குறியிலோ ககரம்தான் முதலில். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. வரிசையையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்த காலம் அது. திஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகிய பொதுக் குறியீடுகள் அதற்கு ஒழுங்கு தேடின. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். தமிழ் இலக்கியங்களை மின்நூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை எழுத்துரு, திஸ்கி, ஒருங்குறி எனக் கோப்புகளைத் தலைமுறைதோறும் மாற்றிவந்ததால் அதன் நூல்கள் பிழைத்தன. மேசை இழுப்பறைக்குப் போன பிளாப்பிகளுக்கு அப்படி மாற்றித் தர ஆளில்லை.

எழுத்துரு தொலைந்திருந்தால் அச்சுப்படிதான் திறவுகோல். ஒரே பக்கத்தின் அச்சையும் கோப்பையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குறி எந்த எழுத்து என்பது சில பத்திகளிலேயே வெளிப்படும். அச்சுப்படிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஐராவதம் மகாதேவன் கணினித் துணையோடு தொகுத்த சிந்து எழுத்துத் தொடரடைவு 1977-இல் நூலாக வந்தது. 2,906 பொறிப்புப் பொருள்கள் அடங்கிய அந்தத் தரவை ஆய்வாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள். அன்றைய கணினி இல்லாவிட்டாலும் நூல் இருக்கிறது. அவர் வழிகாட்டிய சிந்துவெளி ஆய்வு மையம் தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளது. அத்தகைய நூலகங்கள் பிளாப்பியைப் பெறும்போது அதன் அச்சுப்படியையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். மாற்றிய உரையோடு, மாற்றாத காந்தப் பதிவையும் வைத்திருக்க வேண்டும்.

அச்சுப்படியும் கிடைக்காதபோது எஞ்சுவது நிகழ்வெண். தமிழ் உரையில் புள்ளி மிக அதிகம் வரும் குறி. எழுத்துரு புள்ளியைத் தனிக் குறியாக வைத்திருந்தால், கோப்பில் மிகுந்து வரும் குறியைப் புள்ளி என்று கொண்டு, அதற்கு முன் நிற்பவற்றை மெய்களாக அடையாளம் காணத் தொடங்கலாம். பாமினிக் கோப்பைத் திறந்ததும் அரைப்புள்ளிகள் மொய்த்துக் கிடப்பது இதனால்தான்.