ஒரு பணம், நான்கு ரசீது

போன வாரம் போனில் கரண்ட் பில் கட்டும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் மனைவி இன்னொரு தடவை அமுக்கப் போனாள். "வேண்டாம், விடு" என்று கையைப் பிடித்துவிட்டேன். "ஒரு பட்டனுக்கா இவ்வளவு பயம்?" என்று சிரித்தாள். அந்தப் பயத்துக்கு முப்பது வயசாகிறது. அதைச் சொல்வதற்கு முன் பட்டனின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

80-களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ப்ரோக்ராம் "கணக்கு எண்?" என்று கேட்கும், அடிப்போம். "தொகை?" என்று கேட்கும், அடிப்போம். கேள்வி கேட்பது மெஷின், பதில் சொல்வது மனுஷன். வரிசையை அதுதான் தீர்மானிக்கும்.

அமெரிக்காவில் இதை அதற்கு முன்பே தலைகீழாக்கியிருந்தார்கள். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் மவுஸை இயக்கிக் காட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆல்டோ கம்ப்யூட்டர் வந்தது. திரையில் பல ஜன்னல்கள். எதை எப்போது தொடுவது என்பது இனி மனுஷன் இஷ்டம்.

அப்படியானால் ப்ரோக்ராம் என்ன செய்யும்? பார்க்கில் உருவான ஸ்மால்டாக்-80, மவுஸ் எங்கே இருக்கிறது, அமுக்கியாயிற்றா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்காத நேரத்தில் அமுக்கினால் தவறிப்போகலாம். 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷும், 1985-இல் வந்த விண்டோஸும் வேறு வழியில் போயின. அதுதான் ஈவென்ட் வரிசை.

நம் ஊர் டாக்டர் கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்குக் கம்பவுண்டர் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார். டாக்டர் ஒருவரைப் பார்த்து முடித்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். கீபோர்டில் ஒரு எழுத்து, மவுஸில் ஒரு அமுக்கு, எல்லாம் ஒவ்வொரு டோக்கன். கம்பவுண்டர் ஆப்பரேட்டிங் சிஸ்டம்; டாக்டர் ப்ரோக்ராம். மெக்கின்டாஷில் இப்படிக் கூப்பிடும் கட்டளைக்கே 'கெட் நெக்ஸ்ட் ஈவென்ட்' என்று பெயர். 'அடுத்ததை அனுப்பு' என்று அர்த்தம்.

கூப்பிடும் இந்தச் சுழலை ஆரம்பத்தில் ப்ரோக்ராமரே எழுத வேண்டும். 1991-இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் வந்ததும் அது திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. திரையில் ஒரு பட்டனை வைத்து, 'இதை அமுக்கினால் இதைச் செய்' என்று எழுதினால் போதும். எங்களுக்குக் கொண்டாட்டம். வரிசை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

1995-இல் எங்கள் அலுவலகத்துக்கு விண்டோஸ் 3.1-இல் ரசீது போடும் ப்ரோக்ராம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஒரே பணத்துக்கு நான்கு ரசீது விழுந்தது. அதைப் போட்டவர் ஓய்வு பெற ஆறு மாதமே பாக்கி இருந்த ஒரு சீனியர் கிளார்க். அதிகாரி என்னைக் கேட்டார். "ஒரு தடவை அமுக்கினால் ஒரு ரசீதுதான் சார் விழும்" என்றேன். மறுநாள் அந்தப் பெரியவருக்கு மெமோ.

அவர் என்னிடம் வந்து, "நாலு தடவை அமுக்கினது நிஜம்தான் தம்பி. அதுக்குக் காது கேக்கலையோன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே செய்து பார்த்தேன். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் பதிவாக அரை நிமிஷம் ஆகும். அதுவரை திரை செத்ததுபோல் இருக்கும். மணற்கடிகாரப் படம்கூட நான் போடவில்லை. ஆனால் வெளியே கம்பவுண்டர் ஒவ்வொரு அமுக்குக்கும் டோக்கன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்! டாக்டர் ஓய்ந்ததும் அதே நோயாளி இன்னும் மூன்று டோக்கனோடு உள்ளே வருகிறார்; இன்னும் மூன்று ஊசி. மெஷினுக்கு நாலும் காதில் விழுந்திருக்கிறது. 'கேட்டது, பொறுங்கள்' என்று அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பதிவு தொடங்கும்போது பட்டனைச் செயலிழக்க வைத்து, முடிந்ததும் திறந்துவிட்டேன். அப்போதும் நான்கு ரசீது! கதவைச் சாத்தினால் டோக்கன் செல்லாமல் போய்விடுமா? அது வெளியே காத்திருந்து, கதவு திறந்ததும் வருகிறது. 'டூ ஈவென்ட்ஸ்' என்ற கட்டளையைப் போட்டு, கதவு சாத்தியிருக்கும்போதே காத்திருக்கும் டோக்கன்களைத் தீர்த்துவிட்டுத் திறந்த பிறகுதான் சரியானது.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வாபஸ் ஆனது. பெரியவர் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்கத்தான் கூச்சமாக இருந்தது.

பிற்பாடு விண்டோஸில் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனி வரிசை வந்தது. நீண்ட வேலையைத் தனியாக ஒருபக்கம் ஓடவிட்டு, வரிசையை நகர்த்திக்கொண்டே இருக்கவும் வழி வந்தது. ஆனாலும் இன்று நம் கையிலிருக்கும் போனுக்குள் நடப்பது அதே டோக்கன் கதைதான்.

அன்று கரண்ட் பில் ஒரு நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு தடவை.