பாவசங்கீர்த்தனமும் மேலப்புதூர்ச் சுவரும்

திருச்சி பாலக்கரையில் எங்கள் பாட்டிக்குத் தபசுகாலம் சாம்பல் புதனுக்கு முன்பே தொடங்கிவிடும். தெருவில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்று கணக்கெடுப்பார். குழாயடிச் சண்டையாக இருந்தாலும் தீர்த்துக்கொள்ளாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகக் கூடாது. "முதல்ல மனுசங்ககிட்ட போ, அப்புறம் சாமியார்கிட்ட போ" என்பார்.

இது பாட்டியின் சொந்தச் சரக்கு இல்லை. பழைய மதுரை மிஷனிலிருந்து வருகிற பழக்கம். அப்போது குருவானவர்கள் கைவிரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஒருவருக்குப் பல நாள் நடைத் தூரம் பொறுப்பு. அவர் ஊருக்கு வந்து சேருவதற்குள் சனங்களை ஆயத்தம் செய்வது உபதேசியாரின் வேலை. செபம் சொல்லித்தருவார், பத்துக் கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லி மனசாட்சியைச் சோதிக்க வைப்பார், பகையாளிகளைச் சேர்த்துவைப்பார். வருகிற குருவானவர் விடிய விடியப் பாவசங்கீர்த்தனம் கேட்பார்.

அந்த உபதேசியார்களுக்காகத்தான் வீரமாமுனிவர் 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஸ்ரீரங்கத்தை ஒட்டி ஓடும் கொள்ளிடம் கிழக்கே போகிற வழியில், வடகரையில் இருக்கிறது அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி. தேம்பாவணிக்கு விழா எடுக்கிற நம் பேராசிரியர்கள் இந்த நூலை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. எனக்கென்னவோ காவியத்தைவிட இதில்தான் அன்றைய சனங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களிலேயே ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கானது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு'. தமிழன் அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுத்த காலத்திலேயே, அவன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்கவும் ஒரு புத்தகம் வந்துவிட்டது!

சிறுவயதில் நாங்களும் ஒரு கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்தோம். பொய் சொன்னாயா, திருடினாயா, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டாயா, பெற்றோரை எதிர்த்துப் பேசினாயா. சாதியைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் கிடையாது.

மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரியும். நடுவில் ஒரு சுவர். தலித் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம். என் தாத்தா 'மறுபக்கம்' கிடக்கிறார். சாம்பல் புதனன்று எல்லார் நெற்றியிலும் ஒரே கிண்ணத்துச் சாம்பலைப் பூசி, மண்ணாயிருக்கிறாய் என்று சொல்லி அனுப்பும் சபை, அந்த மண்ணையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. குழாயடிச் சண்டையைக்கூடப் பாவக் கணக்கில் சேர்த்த பாட்டியிடம் இதைக் கேட்டேன். "அது வழக்கம்டா, பாவமில்ல" என்றார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தப் பதிலை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

1982-இல் இந்திய ஆயர் பேரவை இதே திருச்சியில் கூடியது. சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று ஆயர்கள் அறிக்கை விட்டார்கள். அறிக்கை வந்த பிறகும் மேலப்புதூர்ச் சுவர் அங்கேயேதான் நின்றது.