கதீட்டர் வழி இதய மின்வரைபடமாக்கல்

இதயத் துடிப்புக் கோளாறு (அரித்மியா) இதயத்தின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை, மின்முனைகள் பொருத்திய கதீட்டரை (மெல்லிய குழாயை) இரத்தக் குழாய் வழியே உள்ளே செலுத்திக் கண்டறியும் முறை. ஈசிஜியைப் பார்த்தே இடத்தை ஓரளவு ஊகிக்கலாம். சுட்டுச் செயலிழக்கச் செய்ய வேண்டிய சில மில்லிமீட்டர் தசையைக் காட்ட அதனால் முடியாது.

பெரும்பாலும் தொடைச் சிரை வழியாகவே கதீட்டர்கள் நுழைகின்றன. ஒன்றைப் பொதுவாக இதயத்தின் சொந்தச் சிரையான கரோனரி சைனஸில் அசையாமல் நிறுத்தி, அதன் பதிவைக் காலக்குறியாகக் கொள்வார்கள். இன்னொன்றை உட்சுவரில் இடம் இடமாக நகர்த்தி, மின் அலை அங்கே எத்தனை மில்லிநொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று அளப்பார்கள். எல்லாவற்றுக்கும் முந்தும் இடமே ஊற்றுக்கண். அந்த இடத்தில் ஒருமுனைப் பதிவு சற்றும் மேலெழாமல் நேரே கீழிறங்கும். மின் அலை அங்கிருந்து எல்லாத் திசையிலும் விலகியே ஓடுவதுதான் காரணம்.

மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பைச் சுற்றி மின் அலை வட்டமடிக்கும்போது இந்தக் கணக்கு உதவாது. வட்டத்துக்கு ஏது தொடக்கம்? அங்கே தேடுவது தழும்பினூடே செல்லும் குறுகிய பாதையை. தழும்பை அடையாளம் காண, கீழறையில் இருமுனைப் பதிவின் உயரம் 1.5 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்தால் நைந்த தசை என்றும், 0.5-க்கும் குறைந்தால் அடர்ந்த தழும்பு என்றும் கொள்வது வழக்கம்.

1969-இல் ஷெர்லாக் குழுவினர் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஹிஸ் கற்றையின் மின்பதிவைக் கதீட்டரால் எடுத்துக் காட்டினர். 1978-இல் ஜோசப்சன் குழுவினர் கீழறை மிகைத்துடிப்பின் பிறப்பிடத்தை உட்சுவரில் வரைபடமாக்கினர். இஸ்ரேலின் ஹைஃபாவைச் சேர்ந்த பென்-ஹைம் குழுவினர் காந்தப்புலத்தைக் கொண்டு கதீட்டர் முனையின் இருப்பிடத்தை முப்பரிமாணத்தில் கணிக்கும் முறையை 1997-இல் வெளியிட்டனர். கதீட்டரை நகர்த்த எக்ஸ்ரேயைச் சார்ந்திருப்பது குறைந்தது. முந்தும் இடம் சிவப்பு, பிந்தும் இடம் ஊதா என்று வண்ணப்படம் திரைக்கு வந்தது. படம் எத்தனை அழகாக இருந்தாலும், காலக்குறி பிசகினால் அது காட்டும் இடமும் பிசகும்.

கதீட்டர் வரைபடமாக்கலின் பெரிய கண்டுபிடிப்பு பிரான்சின் போர்தோ நகரில் நிகழ்ந்தது. மேலறை நடுக்கத்தின் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஏஎஃப்) பிறப்பிடத்தை மேலறைக்குள்ளேயே பலரும் தேடிவந்த காலம் அது. மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளில் நடுக்கத்தைத் தூண்டும் 69 ஊற்றுக்கண்களைத் தடம்பிடித்தனர். அவற்றில் 65 நுரையீரல் சிரைகளில் இருந்தன. மிக முந்திய மின்பதிவு சிரைக்குள் 2 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. மேலறைத் தசை சிரைக்குள்ளும் நீண்டு படர்ந்திருப்பதே இதற்குக் காரணம். 1998-இல் வெளியான இந்த ஆய்வுதான், சிரைகளை மேலறையிலிருந்து மின்வழியில் துண்டிக்கும் இன்றைய சிகிச்சைக்கு வித்திட்டது.

விடாது நீடிக்கும் மேலறை நடுக்கத்தில் வரைபடம் இன்னும் தடுமாறுகிறது. 589 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஸ்டார் ஏஎஃப்-2 ஆய்வில், சிரைத் துண்டிப்போடு நிறுத்தியதைவிட, மேலறையில் சிக்கலான மின்பதிவு தென்பட்ட இடங்களையும் சுட்டதால் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை.