பேச ஒரு டோன், கேட்க ஒரு டோன்

சீனாவில் தயாராகும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் என்ற மலிவு விலை வாக்கி டாக்கியின் மெனுவைத் திறந்தால் 11வது இடத்தில் ஆர்-சிடிசிஎஸ் என்றும், 13வது இடத்தில் டி-சிடிசிஎஸ் என்றும் இரண்டு அமைப்புகள் இருக்கும். முதலாவது கேட்பதற்கான டோன். இரண்டாவது பேசுவதற்கான டோன். ஒரே செட்டுக்கு எதற்கு இரண்டு டோன்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1928ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் கார்களில் ரேடியோ பொருத்தினார்கள். அந்த ரேடியோவுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். பதில் சொல்ல வேண்டுமென்றால் போலீஸ்காரர் காரை நிறுத்திவிட்டு டெலிபோனைத் தேடி ஓட வேண்டும். 1933ல் நியூஜெர்சியின் பேயோன் நகரப் போலீஸ் இருவழி ரேடியோவைக் கொண்டுவந்தது. 1940ல் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்காக டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் எஃப்.எம். முறையில் இருவழி ரேடியோ அமைத்துக் கொடுத்தார். பின்னாளில் மோட்டோரோலா ஆன கம்பெனி அவரை உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டாக்சி, லாரி, கட்டடக் கம்பெனி என்று எல்லோருக்கும் ரேடியோ தேவைப்பட்டது. ஆனால் அலைவரிசைகள் அத்தனை இல்லை. ஒரே அலைவரிசையை நாலைந்து கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டன. டாக்சி டிரைவர் காலையிலிருந்து இரவு வரை சிமெண்ட் லாரிக்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. தொல்லை தாங்காமல் சத்தத்தைக் குறைத்துவிட்டால், தனக்கு வரும் அழைப்பும் காதில் விழாது.

1950களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. இந்த ரேடியோக்களில் பேச்சுக்கு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிதான் தேவை. அதற்குக் கீழே இருக்கும் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு மெல்லிய ரீங்காரத்தை, பேசும் நேரம் முழுவதும், குரலோடு சேர்த்து அனுப்பினால் என்ன? அதே ரீங்காரத்துக்குப் பழக்கப்பட்ட செட் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும். மற்ற செட்கள் வாய்மூடி இருக்கும். மோட்டோரோலா இதற்குப் 'பிரைவேட் லைன்' என்று பெயர் வைத்தது. ஜெனரல் எலக்ட்ரிக் 'சேனல் கார்டு' என்றது. ஆர்.சி.ஏ. 'குவயட் சேனல்' என்றது. பொதுப்பெயர் சி.டி.சி.எஸ்.எஸ். பிற்காலத்தில் 67.0 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை 38 டோன்கள் கொண்ட பட்டியல் வழக்கத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் மெனு கிடையாது. செட்டுக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். வீணைக் கம்பி போல அதற்கென்று உள்ள ஒரே சுருதிக்கு மட்டும்தான் அது அதிரும். டோனை மாற்ற வேண்டுமென்றால் செட்டைத் திறந்து நாக்கையே மாற்ற வேண்டும். மோட்டோரோலாவின் பல செட்களில் டோனை அனுப்ப ஒரு நாக்கு, வரும் டோனை அடையாளம் காண இன்னொரு நாக்கு என்று தனித்தனியாக இருந்தன. பேசும் டோனும் கேட்கும் டோனும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயே இல்லாமல் போனது.

இரண்டும் வேறாக இருப்பதன் பயன் ரிப்பீட்டர் வந்தபோது நன்றாகத் தெரிந்தது. மலை உச்சியிலோ உயரமான கட்டடத்திலோ இருக்கும் ரிப்பீட்டர், கைச் செட்டின் பலவீனமான அலையை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, வேறோர் அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. ஒரே ஜோடி அதிர்வெண்ணில் இரண்டு மலைகளில் இரண்டு ரிப்பீட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மலை 100.0 டோன் கேட்டால் விழிக்கும், 131.8 டோனோடு பேசும். இரண்டாவது மலை 123.0 கேட்டால் விழிக்கும், 156.7 டோனோடு பேசும். கைச் செட்டில் அனுப்ப 100.0, கேட்க 131.8 என்று வைத்தால் முதல் மலை மட்டுமே எழும், அதன் குரல் மட்டுமே காதில் விழும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பல ரிப்பீட்டர்கள் உள்ளே வரும் டோனை வடிகட்டிவிட்டு, டோனே இல்லாமல் வெளியே அனுப்பும். அப்படிப்பட்ட ரிப்பீட்டருக்கு இரண்டு பக்கமும் 100.0 என்று வைத்தால், பேசுவது ஊருக்கே கேட்கும். பதில் மட்டும் வராது. செட் பழுது என்று நினைப்பார்கள். பழுது ஒன்றுமில்லை, கேட்கும் டோனை நிறுத்திவைத்தால் போதும்.

இன்னொரு தவறான எண்ணம், டோன் வைத்தால் ரகசியம் என்பது. அமெரிக்காவில் 1996ல் குடும்ப உபயோகத்துக்கென்று எஃப்.ஆர்.எஸ். ரேடியோ அனுமதிக்கப்பட்டது. அந்தச் செட்களை விற்றவர்கள் இதே டோன்களை 'பிரைவசி கோடு' என்று பெட்டியில் அச்சடித்தார்கள். உண்மையில் டோன் என்பது அடுத்தவர் வாயை மூடுவதல்ல, தன் காதை மூடிக்கொள்வது. டோன் வைக்காத செட்டில் எல்லாப் பேச்சும் கேட்கும்.

காதை மூடுவதில் ஆபத்தும் உண்டு. கேட்கும் டோன் வைத்தவருக்கு, டோன் இல்லாமல் அதே அலைவரிசையில் உதவி கேட்பவரின் குரல் எட்டாது. அதனால்தான் பழைய கார் ரேடியோக்களில் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தவுடனே டோன் காவல் விலகும்படி செய்திருந்தார்கள். பேசும் முன் அலைவரிசையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாக வேண்டும்.

பேசும் வழி வேறு, கேட்கும் வழி வேறு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2001 செப்டம்பர் 11 காட்டியது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்புத் துறைக்கென்று ஒரு ரிப்பீட்டர் இருந்தது. கைச் செட்களுக்கு ஒரு பொத்தான், வரவேற்புக் கூடத்தில் இருந்த தலைமைக் கைபேசிக் கருவிக்கு இன்னொரு பொத்தான். இரண்டாவது பொத்தானை யாரும் அழுத்தவில்லை. கருவியில் பேசிப் பார்த்தபோது சரிவராததால், ரிப்பீட்டரே வேலை செய்யவில்லை என்று வடக்குக் கோபுரத்து அதிகாரிகள் அதைக் கைவிட்டார்கள். அதே ரிப்பீட்டர் வழியாகத் தெற்குக் கோபுரத்தில் வீரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை 2004ல் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களின் சாவுக்கு அந்தப் பொத்தான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அது டோன் கோளாறும் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பதில் வரவில்லை என்பதால் எதிரே யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. முதலில் கேட்கும் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.