வேரும் இலையும்: ஜொகூர்க் காட்டு மூலிகை ஆய்வில் கேட்க வேண்டிய முதற்கேள்வி

ஒரு தாவரத்தில் மருந்தாகக்கூடிய வேதிப்பொருளைக் கண்டறிந்து அதன் கட்டமைப்பை வெளியிடுவதோடு ஆய்வாளரின் பணி முடிந்துவிடுவதாகக் கருதுகிறோம். அது வேரிலிருந்து வருகிறதா, இலையிலிருந்தா, மரப்பாலிலிருந்தா, அதைப் பிரிக்க எதை எரிக்கிறோம் என்பவையும் கண்டுபிடிப்பின் பகுதிகளே என்பது என் வாதம்.

ஜொகூர் இதற்குப் பழைய சான்று. நம் வெற்றிலைப் பெட்டியின் கத்தக்காம்பு, கம்பிர்க் கொடியின் இலையையும் தளிரையும் நீரில் காய்ச்சி இறுக்கிய சாறு. கேட்டச்சினும் டானினும் செறிந்தது. 1840களில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றோர நிலங்களைச் சீனக் குடியேறிகளுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த கங்சூ முறையில் கம்பிரும் மிளகும் சேர்ந்தே பயிராயின. காய்ச்சிய இலைச்சக்கை மிளகுக்கு எருவாயிற்று. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டும் உள்ளன. தோல் பதனிட ஐரோப்பா இச்சாற்றை வாங்கியது. இலையைப் பறித்தால் கொடி மீண்டும் துளிர்க்கும். ஆனாலும் காடு அழிந்தது. கொப்பரைக்கு விறகு வேண்டியிருந்தது, சுற்றியிருந்த காடே விறகாயிற்று. மண் சத்திழந்ததும் பயிரிட்டவர்கள் அடுத்த ஆற்றங்கரைக்குப் போனார்கள். கேட்டச்சினை மட்டும் அறிந்தவருக்கு இந்த அழிவு விளங்காது. அடுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேருக்காகத் தேடப்படும் தொங்காட் அலி என்னும் மூலிகை மரத்தின் இன்றைய நிலை இதைவிடக் கடினமானது. அதன் முதன்மையான குவாசினாய்டு வகைக் கசப்புப் பொருள் யூரிகோமனோன். வேரின் நீர்ச்சாற்றில் அது 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது 2011-இல் வெளியான மலேசியத் தர நிர்ணயம். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்நீர்ச்சாற்றைப் பிரித்தெடுக்கும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன. தரம் வகுத்தது பெரும் நன்மை. போலிச் சரக்கை அடையாளம் காண வழி பிறந்தது. ஆனால் அந்த அளவுகோல் வேருக்கானது. வேரைத் தோண்டினால் மரம் போயிற்று.

மூலக்கூறை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாமே என்று மறுப்போர் உண்டு. தனி மூலக்கூறு மருந்தாகும் இடத்தில் அது சரி. தொங்காட் அலி விற்பனையாவதோ முழுச் சாறாக. யூரிகோமனோன் அதில் ஓர் அடையாளம் மட்டுமே.

சரவாக்கின் பிந்தாங்கோர் மரம் வேறொரு வழியைக் காட்டியது. 1987-இல் அங்கே சேகரித்த மாதிரியிலிருந்து எச்.ஐ.வி.க்கு எதிரான கலனோலைடு ஏ கிடைத்தது. மீண்டும் சென்றபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. வேறு மரங்களின் மாதிரிகள் உடனே கைகொடுக்கவில்லை. தேடல் தொடர்ந்தபோது நெருங்கிய இன மரம் ஒன்றின் பாலில் காஸ்டட்டோலைடு என்னும் உறவுப்பொருள் கிடைத்தது. அந்தப் பாலை மரத்தைக் கொல்லாமலே, ரப்பர் மரம் சீவுவதுபோல் எடுக்கலாம். என் பார்வையில் இந்த இரண்டாம் கண்டுபிடிப்பு முதலதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

காளானிலும் இதே கணக்குதான். புலிப்பால் காளானில் மருந்தாவது மண்ணுக்கடியிலுள்ள கிழங்கு போன்ற பகுதி. குடை முளைத்தால்தான் இருக்குமிடமே தெரியும். வளர்ப்பு முறை கைவந்த பிறகுதான் ஒரே தரமான சரக்கில் தொடர்ந்து ஆய்வு செய்ய முடிந்தது.

இதில் தென்னிந்தியாவின் அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினரின் அனுபவம் பயன்படும். அவர்கள் களைப்பு நீங்கத் தின்றது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் பழத்தை. திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் இலையையே மருந்துக்குத் தேர்ந்தனர். அந்த ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஜீவனி' மருந்தின் உரிமத்தை 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் பெற்றது. இவற்றில் பாதி காணிகளுக்கு. இலை மீண்டும் துளிர்க்கும் என்பதால் ஏற்பாடு நிலைத்திருக்க வேண்டும். ஆனால் செடியையே வேரோடு பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்று வனத்துறை அஞ்சியது. இலை வரத்து தடைபட்டது. சரியான உறுப்பைத் தேர்ந்தும், அதை யார் எங்கே வளர்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை.

உயிரியல் வளங்களை அணுகுவது, பயனைப் பகிர்வது பற்றிய மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினரின் முன்னிசைவைக் கோருகிறது. எண்டாவ்-ரொம்பின் ஓரத்துக் கம்போங் பெத்தா ஜகூன் மக்களிடம் அந்த இசைவைக் கேட்கும் படிவத்திலேயே எந்த உறுப்பு, ஆண்டுக்கு எவ்வளவு, நாற்றங்கால் யாருடையது என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். சாறு எடுக்கும் ஆய்வுக்கு நிதி அந்தப் பக்கம் நிரம்பிய பிறகே வரட்டும்.